ஈலிய அணுவும் பழைய ஒழுக்குக் கொள்கையும்

நீல்ஸ் போர் 1913ஆம் ஆண்டில் வகுத்த அணுக்கொள்கை ஐதரசனில் வென்று ஈலியத்தில் வீழ்ந்தது என்பது பாடநூல்கள் கூறும் செய்தி. ஈலியத்தினின்று ஓர் இலத்திரனைப் பிரிக்க வேண்டிய சத்தி 24.6 இலத்திரன் உவோற்று. வான் விளெக் 1922இலும் கிராமர்ஸ் 1923இலும் கணித்த பெறுமானமோ 21இற்கும் குறைந்தது. இலத்திரனுக்கு ஒழுக்கு, அஃதாவது வரையறுத்த பாதை, உண்டெனக் கொண்டமையே தோல்விக்குக் காரணம் என்பர் நூலாசிரியர். அம்முடிவு ஆராய்ந்து கொள்ளப்பட்டதன்று.

அக்காலத்தோர் இரு இலத்திரன்களும் கருவினின்று என்றும் சமதூரத்தில் நிற்கும் ஒழுக்கொன்றைத் தேர்ந்து, அதற்குச் சத்திமட்டமொன்றைக் கற்பித்தனர். ஒழுங்கான இயக்கத்திற்கே அம்முறை பொருந்தும். ஈலியத்திலோ, தொடக்கத்தில் நேரும் மிகச்சிறு வேறுபாடும் விரைவிற் பெருகிப் பாதையை முற்றாக மாற்றிவிடும். இத்தகைய இயக்கத்திற்கு அம்முறை செல்லாதென்பதை ஐன்ஸ்டைன் 1917இலேயே எடுத்துக்காட்டினார். அக்கட்டுரை நாற்பதாண்டளவு பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கிடந்தமை வியப்பே.

ஒழுக்கொன்றுக்கு மட்டமொன்று என்னும் எண்ணத்தை நீக்கியவர் குட்ஸ்வில்லர். தொடங்கிய நிலைக்கே மீளும் ஒழுக்குகள் அனைத்தின் பங்குகளையும் அலைகளைப் போலக் கூட்டின் மட்டங்களின் அடர்த்தி கிடைக்கும் என அவர் 1971இல் நிறுவினார். எனினும் அக்கூட்டல் எளிதில் ஒருங்குவதன்று. நீண்ட ஒழுக்குகளைக் குறுகியவற்றோடு இணைத்து, அவை பெரும்பாலும் ஒன்றையொன்று அழிக்குமாறு தொகுக்கும் முறை பின்னர் தோன்றியது. எஸ்ரா, ரிக்ரர், ரானர், வின்ற்கன் ஆகியோர் 1991இல் அதனை ஈலியத்தில் ஆண்டனர். கருவின் இருபுறமும் ஒரே கோட்டில் இலத்திரன்கள் நிற்க, ஒன்று கருவை நோக்கி விழும்போது மற்றது வெளியே விலகும் ஒழுக்கே இவற்றுள் முதன்மையானது. அணுவின் மிகத்தாழ்ந்த சத்தி நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றளவு பிழையுடன் கிடைத்தது.

நுட்பத்தில் இது பெருஞ்சாதனையன்று. ஹிலராஸ் 1929இலேயே அலைச்சமன்பாட்டினின்று இதனினும் மிகத் திருத்தமான விடை பெற்றார். எவ்வியக்கம் எம்மட்டத்தை ஆக்குகின்றது என்பதைக் காட்டியதே இதன் சிறப்பு. ஆயினும் இவ்வெற்றியைப் பல்துணிக்கைத் தொகுதிகளுக்கெல்லாம் திறவுகோலாகப் புகழ்தல் மிகையாகும். கோட்டில் இயங்கும் ஈலியத்தின் ஒழுக்குகளை இரு குறிகளால் எண்ணி முடிக்கலாம். துணிக்கைகள் பெருகின் மட்டங்கள் அடுக்குவீதத்தில் நெருங்க, வேண்டப்படும் ஒழுக்குகளோ எண்ணில் அடங்கா.

ஆதலின் அண்மைக்கால ஆய்வாளர் வேறுவழி நாடினர். ரிக்ரரும் துணைவரும் 2014இல் குளிர்ந்த போசோன்களை ஆராய்ந்தபோது, துணிக்கைகளின் தொகை பெரிதாதலையே பழம் பௌதிகத்தை அணுகும் வழியாகக் கொண்டனர். அங்கு ஒழுக்கு எனப்படுவது தனித்துணிக்கையின் பாதையன்று, அவையனைத்துக்கும் பொதுவான அலைப்புலம் காலத்தோடு மாறும் போக்கேயாம்.