மாயவுலகில் மரம் வெட்டுவோர்

கதைகள் படைத்துத் தந்த மாயவுலகங்கள் பெரும்பாலும் மனிதனை உழைப்பிலிருந்து விடுவிப்பவை. விளக்கைத் தேய்த்தால் பூதம் வந்து கைகட்டி நிற்கும். ஒரு சொல்லை உச்சரித்தால் குகையின் வாயில் திறந்து பொற்குவியல் கண்ணைப் பறிக்கும். (அலாவுத்தீன் கதையும் அலிபாபா கதையும் ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுப் பிரதிகளில் காணப்படாதவை, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் கலான் சேர்த்தவை என்பது வேறு செய்தி.) ஆனால் மக்கள் தாமாகவே சென்று மரம் வெட்டவும், மீன் பிடிக்கவும், சுரங்கத்தில் செம்பும் ஈயமும் தோண்டவும், அதற்காகத் திங்கள்தோறும் சந்தாவும் கட்டவும் முன்வருகின்ற ஒரு மாயவுலகம் உண்டென்றால் அது சிந்திக்கத்தக்கதன்றோ? ரூன்ஸ்கேப் என்னும் இணையவழி ஆட்டத்தைக் குறித்தே ஈண்டுப் பேசப் புகுகின்றோம்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவராயிருந்த ஆண்ட்ரூ கோவர் என்ற இளைஞர், தம் சகோதரர் பாலின் துணையோடு உருவாக்கி 2001 சனவரி 4ஆம் நாள் வெளியிட்ட ஆட்டம் இது. கணினியில் தனியாக எதனையும் நிறுவ வேண்டிய தேவையின்றி, இணைய உலாவியிலேயே ஆடத்தக்கதாக அது அமைந்திருந்தமையால், பள்ளிக்கூடக் கணினிகளிலும் நூலகக் கணினிகளிலும் இருந்தபடியே சிறுவர்கள் அதனுள் புகுந்தனர். 2012ஆம் ஆண்டளவில் அதில் தொடங்கப்பட்ட கணக்குகள் இருபது கோடியைக் கடந்துவிட்டன. ஆடிப் பாராமல் இதனை விமர்சிப்பது, கிதாபைத் திறவாமலே அதற்கு ஷரஹு எழுதத் துணிவதற்கு ஒப்பாகும். ஆதலின் சில திங்கள் நாமும் அதனுள் உலவினோம். எம் வயதொத்த நண்பர்கள் நகைத்தனர், நகைக்கட்டும்.

கீலினோர் என்பது அவ்வுலகின் பெயர். லம்பிரிட்ஜ் என்னும் சிற்றூரின் கோட்டையருகே, கையில் ஒரு கோடரியும் சில எளிய கருவிகளுமாக வந்து நிற்கிறான் புதியவன். அவனுக்குக் கிடைக்கும் தொடக்கப் பணிகளுள் ஒன்று யாது தெரியுமோ? கோமகனின் பிறந்தநாளுக்குப் பலகாரம் செய்ய வேண்டிய கோட்டைச் சமையற்காரர், பொருள் வாங்க மறந்துபோய்த் தவிக்கிறார். அவருக்கு ஒரு முட்டையும், ஒரு வாளிப் பாலும், ஒரு பானை மாவும் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மாவைத் தானே அரைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. வயலில் கோதுமை பறித்து, ஆலையின் மேல்தளத்துக்கு ஏறிக் கொட்டி, கீழே இறங்கி வந்து அள்ள வேண்டும். அமீர் ஹம்ஸா தாஸ்தானிலே திலிஸ்மை உடைப்பவன் பிறக்கும் முன்னரே விதிக்கப்பட்டவன். அவனுக்கென்று எழுதிவைத்த பலகை அவன் கைக்கே வந்து சேரும். இங்கே யாரும் விதிக்கப்பட்டவர் அல்லர். வீரன், மந்திரவாதி என்று குலம் தெரிந்தெடுக்கும் வழக்கங்கூட இல்லை. வந்தவன் எவனாயினும் எத்தொழிலையும் முதற்படியிலிருந்து தொடங்கலாம். பறவைநாகத்தைக் கொல்லும் வீரகாவியமும் பின்னர் வரத்தான் செய்கிறது. ஆயினும் அந்நாகத்தைக் கொன்றவனுக்குக் கிடைக்கும் பெரும்பேறு அரசுரிமையன்று, இளவரசியுமன்று. ரூன் என்னும் உலோகத்தாலான மார்க்கவசம் ஒன்றை அணிந்துகொள்ளும் உரிமை. கவசத்தை அவனே காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்!

இந்தக் குறும்பு ஆட்டம் முழுவதிலும் ஓடுகிறது. சிறு உதவி ஒன்று செய்யப் புறப்படுபவனை, அவ்வுதவிக்கு வேண்டிய பொருளுடையவர் தமக்கோர் உதவி கேட்டு அடுத்தவரிடம் அனுப்ப, அவர் இன்னொருவரிடம் அனுப்ப, உலகின் கோடிவரை அலையவைக்கும் பணி ஒன்று உண்டு. வீரகாவியத்தைக் கேலி செய்யும் அந்த உரையாடல்களில் நல்ல ஆங்கில நகைச்சுவை இருக்கிறது. எனினும் மக்களை இத்தனை ஆண்டுகள் பிடித்துவைத்திருப்பது அந்த எழுத்தே என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. பலர் அவ்வுரையாடலைப் படியாமலே தட்டித் தட்டிக் கடந்து செல்கின்றனர்.

அவர்கள் விரைவது எங்கே? மரத்தடிக்கு. சாதாரண மரம் ஒன்றில் ஒரு கட்டை வெட்டினால் 25 அனுபவப் புள்ளி. இரண்டாம் படியை எட்ட 83 புள்ளி. ஆக நான்கு கட்டையில் ஒரு படி ஏறியாயிற்று. வெடிச்சத்தம் கேட்கும், வாழ்த்துச் சொல் தோன்றும். பிறகு ஓக், அப்பால் டிரேனர் கிராமத்து நீர்க்கரை வில்லோ, அறுபதாம் படியில் யூ மரம். யூ மரத்தின் கட்டைக்கு 175 புள்ளி. உச்சமாகிய 99ஆம் படிக்கு வேண்டியதோ 1,30,34,431 புள்ளி. யூ மரத்தை மட்டுமே நம்பியவன் ஏறத்தாழ எழுபத்து நாலாயிரத்து ஐந்நூறு கட்டைகள் வெட்ட வேண்டும். இதில் ஒரு விந்தை: 92ஆம் படியை எட்டியவன் சரிபாதி வழியே வந்திருக்கிறான். எஞ்சிய ஏழு படிகளுக்கு அதுவரை உழைத்த அளவு மறுபடியும் உழைத்தாக வேண்டும். உச்சத்தை எட்டியவனுக்கு அத்தொழிலுக்குரிய மேலாடை ஒன்று உண்டு. அதற்கும் 99,000 நாணயம் எண்ணி வைக்க வேண்டும்.

இப்படிப்பட்ட சலிப்பை மனிதன் விரும்புவது ஏன்? இத்தகைய ஆட்டங்களின் மூதாதையை 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் டிரப்ஷா என்பவரோடு சேர்ந்து உருவாக்கிய ரிச்சர்ட் பார்ட்டில், ஆடுவோரை நான்கு வகையினராக 1996இல் பிரித்துரைத்தார்: சாதிப்போர், தேடுவோர், கூடுவோர், கொல்வோர். இப்பகுப்பு இன்றளவும் எடுத்தாளப்படுகிறது. பயனுள்ளதே. ஆனால் மரம் வெட்டுபவனைச் ‘சாதிப்போர்’ பட்டியலில் சேர்த்துவிட்டு அப்பால் செல்வதால் அவன் உள்ளம் விளங்கிவிடுமா? சாதனை என்பது பிறர் காண நிகழ்வது. வில்லோ மரத்தடியில் நள்ளிரவில் தனியே நிற்பவனை யார் காண்கிறார்கள்?

எம் கருத்து இது. அவனைக் கட்டிவைத்திருப்பது அளவுகோல். அரபு இலக்கணத்தில் ஸர்ஃபு பயில்பவர் முதலில் கற்பது மீஸான். எந்தச் சொல்லாயினும் ஃபஅல என்னும் ஒரே வாய்பாட்டில் நிறுத்து, மூல எழுத்து இது, மிகுந்த எழுத்து இது என்று காண்பது. சுல்தானைக் குறிக்கும் சொல்லுக்கும் சுமைகூலியைக் குறிக்கும் சொல்லுக்கும் தராசு ஒன்றே. ரூன்ஸ்கேப் அத்தகையதொரு தராசைத் தொழிலுக்கு வைத்தது. ஒரு கட்டைக்கு இத்தனை புள்ளி என்றால், அது அனைவர்க்கும் அத்தனையே. வெட்டியது குறையாது, எழுதியது அழியாது, மேலதிகாரியின் முகக்குறிப்பு அதனை மாற்றாது. இப்னு கல்தூன் தம் முகத்திமாவின் ஐந்தாம் பகுதியில், மனிதனின் கஸ்பு அவனது உழைப்பின் பெறுமானமே என்று நிறுவிவிட்டு, அதே பகுதியில் ஜாஹ் உடையார்க்கு, அதாவது பதவியும் செல்வாக்கும் படைத்தோர்க்கு, பிறர் உழைப்பு கூலியில்லாமலே வந்து குவிவதையும் எடுத்துக்காட்டுகிறார். நாமெல்லாம் வாழும் உலகம் இவ்விரண்டும் கலந்தது. முப்பது ஆண்டு உழைத்தவன் தன் உழைப்பு எங்கே போயிற்று என்று தேடும் உலகம் இது. கஸ்பு மட்டுமே உள்ள, ஜாஹ் நுழையாத ஓர் உலகத்தை ஒருவர் சமைத்துக் காட்டினால் அங்கே கூட்டம் சேர்வதில் என்ன வியப்பு?

இதனை வெறும் ஊகம் என்று தள்ள இயலாதபடி அவ்வாட்டத்தின் வரலாறே சான்று தருகிறது. 2012ஆம் ஆண்டில் ஆட்டத்தின் உரிமையாளரான ஜாகெக்ஸ் நிறுவனம் ஒரு சுழல்சக்கரத்தைப் புகுத்தியது. நாளொன்றுக்குச் சில சுற்று இலவசம். அதற்கு மேல் வேண்டுமாயின் மெய்யான பணம் கொடுத்து வாங்கலாம். பரிசுகளில் அனுபவப் புள்ளியும் அடங்கும். அதாவது, கோடரியைத் தொடாமலே மரம் வெட்டியவன் ஆகலாம். அவ்வாண்டு நவம்பரில் போர்முறையும் தலைகீழாக மாற்றப்பட்டது. ஆடுவோர் திரளாக வெளியேறினர். நிறுவனத்திடம் 2007 ஆகஸ்டு மாதத்துப் பிரதி ஒன்று சேமிப்பில் இருந்தது. அதனை மீண்டும் திறக்கலாமா என்று 2013 பிப்ரவரியில் வாக்கெடுத்தபோது நாலரை லட்சம் அளவுக்கு வாக்குகள் விழுந்தன. அம்மாதம் 22ஆம் நாள் பழைய உலகம் திறக்கப்பட்டது.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். திறக்கப்பட்டது உலகமேயன்றி அவரவர் பழைய செல்வமன்று. 2007இல் ஈட்டிய படிகளோ, பெட்டகத்துப் பொருளோ ஒருவருக்கும் திரும்பவில்லை. ஒவ்வொருவரும் முதற்படியில், சாதாரண மரத்தின் முன், அதே நான்கு கட்டையிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஆண்டுக்கணக்கில் சேர்த்ததைப் புதிய உலகில் விட்டுவிட்டு, ஒன்றுமில்லாத பழைய உலகுக்கு மக்கள் மகிழ்ந்து வந்தனர்! சேர்த்துவைத்த பொருளின் மேல் கொண்ட பற்றே இவ்வாட்டத்தின் பிடி என்போர் இதற்கு என்ன விடை கூறுவர்? கெட்டுப்போன தராசில் நிறுத்த பொன்னைக் காட்டிலும் நேரான தராசும் வெறுங்கையும் மேலென்று அவர்கள் தேர்ந்தனர்.

பின்னரும் அத்தராசைக் காவல் காத்தனர். புதிதாக எதைச் சேர்ப்பதாயினும் நூற்றுக்கு 75 பேர் இசைய வேண்டுமென்று விதி வந்தது. பிற்பாடு அது 70 ஆகத் தளர்ந்தது. பிறரோடு கொள்வினை கொடுப்பினை ஏதுமின்றி, உண்ணும் மீனையும் தானே பிடித்து, உடுக்கும் கவசத்தையும் தானே வடித்து வாழ்வதென்று சிலர் தமக்குத் தாமே நோன்பு பூண்டிருந்தனர். 2014இல் நிறுவனம் அதனை ‘இரும்பு மனிதர்’ என ஒரு தனிவகையாகவே ஏற்றது. ஆயினும் மாசு முற்றாக நீங்கிற்று என்று சொல்வதற்கில்லை. 2015 முதல் பத்திரம் ஒன்றை மெய்ப்பணத்துக்கு வாங்கி, ஆட்டத்துப் பொன்னாக மாற்றிக்கொள்ள வழி உண்டு. பொன் மிகுந்தவன் சில தொழில்களில் விரைந்து ஏறுகிறான். இதனைப் பேசாமல் பழைய உலகின் தூய்மையைப் பாடுகின்ற அன்பர்களின் பாட்டு எமக்கு உவப்பாக இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. அது எளிதில் தள்ளத்தக்கதன்று. எழுபதாயிரம் கட்டை வெட்டியவன் கையில் ஒரு காய்ப்பும் இல்லை. மெய்யான தச்சன் மரத்தைக் கெடுத்துக் கெடுத்தே மரத்தை அறிகிறான். இங்கே மரம் எதனையும் கற்பிப்பதில்லை. முதற் கட்டைக்கும் கடைசிக் கட்டைக்கும் அவன் செய்தது ஒரே சொடுக்குதான். ஏறியது எண், ஆள் அப்படியே நிற்கிறான். நேர்மையாய் நிறுக்கும் தராசைத் தேடிப் போனவன், தட்டில் வைப்பதற்குத் தன் பொழுதைத் தவிர வேறொன்றும் கொண்டுபோகவில்லை. ஆனால் அந்தப் பொழுதில் அவன் தனித்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கை சலிப்பான வேலையில் ஈடுபட்டிருக்கும்போது வாய் ஓய்வாயிருக்கும். பாய் முடைவோர் பேச்சும் வலை பின்னுவோர் பேச்சும் அப்படி வளர்ந்தவையே. கரம்ஜா துறையில் சிங்கறால் பிடிப்போர் அருகருகே நின்று, முன்பின் அறியாத ஊர்க்காரரோடு வீட்டுக் கவலைவரை பேசியதை நாமே கண்டோம். போர் மிகுந்த ஆட்டங்களில் இந்த ஓய்வு வாய்ப்பதில்லை.

தராசு யார் கையில் என்ற வினா எஞ்சுகிறது. ஜாகெக்ஸ் நிறுவனம் பலமுறை கைமாறியது. 2021இல் கார்லைல் என்னும் முதலீட்டுக் குழுமத்திடமும், 2024இல் சி.வி.சி. என்னும் முதலீட்டுக் குழுமத்திடமும் சென்றது. அவர்களுக்கு அது வேறு வகை மரம்.

2016க்குப் பின் வெனிசுவேலாவில் நாணயம் நாள்தோறும் மதிப்பிழந்து, திங்கட்கூலி சில வேளை உணவுக்கும் போதாதாயிற்று. அந்நாட்டார் பலர் பழைய ரூன்ஸ்கேப்பினுள் புகுந்து, காட்டுவெளியில் பச்சை நாகங்களைக் கொன்று, தோலையும் எலும்பையும் விற்றுப் பொன் சேர்த்து, அப்பொன்னை வெளியார்க்கு டாலருக்கு விற்றனர். தராசுத் தட்டில் முதன்முறையாக ரொட்டி வந்து விழுந்தது. ஏனைய ஆடுவோரிற் பலர் இதனைத் தாளவில்லை. காட்டுவெளி ஒருவரையொருவர் கொல்லத்தக்க இடம். 2017இல், வெனிசுவேலாக்காரர்களைத் தேடிச் சென்று கொல்வது எவ்வாறு என்று விளக்கும் குறிப்பு ஒன்று ஆடுவோரிடையே பரவிற்று. ஆட்டத்துப் பொன்னை மெய்ப்பணத்துக்கு விற்பது நிறுவன விதிக்கும் புறம்பானது. பத்திரம் விற்கும் உரிமை நிறுவனத்துக்கு மட்டுமே. அகப்பட்டவரின் கணக்கு முடக்கப்படும். முடக்கப்பட்டவர் செய்யக்கூடியது ஒன்றே: வேறு பெயரில் கணக்குத் தொடங்கி, லம்பிரிட்ஜ் கோட்டையருகே வந்து நின்று, முதற்படியிலிருந்து மறுபடியும் ஏறத் தொடங்குவது.