'சமைத்துப் பார்'

எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' என்ற புஸ்தகத்தை நான் ஒரு நாவலைப் படிப்பதுபோல்தான் படிப்பது வழக்கம். உத்தியோகத்தின் பொருட்டு ஊர்விட்டு ஊர் போய்த் தனிக்குடித்தனம் வைத்த பெண்ணுக்கு, ரசத்துக்கு எவ்வளவு புளி என்று சொல்ல அம்மாவா பக்கத்தில் இருந்தாள்? கைமணத்துக்குக் காவல் என்று நாம் கொண்டாடும் இந்த நூலே, அந்த நாளில் ஒரு சௌகரியந்தான்.

1983-ல் இரண்டு நிமிஷ மாகி வந்தது. பிறகு பாக்கெட்டில் இட்லி மாவும் வந்துவிட்டது. 'ராத்திரிச் சாப்பாடே கெட்டுப் போயிற்று' என்று அங்கலாய்ப்பவர்களில், ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றியவர்கள் எத்தனை பேர்? நம் கதைகளிலும் இதே குறைதான். இலை போட்டுப் பரிமாறுவதை ரசித்து வர்ணிக்கிறோம். எல்லோரும் எழுந்தபின் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து மிச்சத்தை உண்டவளை எழுதியவர்கள் சொற்பம்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பாக்கெட், 'கொட்டு, கிளறு' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. மீனாட்சி அம்மாள் 'பார்' என்கிறார். தவறவும், திருத்தவும், தேறவும் அந்த ஒரு சொல்லில் இடம் இருக்கிறது.

மாவைக் கடையில் வாங்குங்கள், குற்றமில்லை. மிச்சப்பட்ட பொழுது அவளுக்குச் சேருகிறதா என்று மட்டும் பாருங்கள்.