இன்னிக்கு பாப்பா சமர்த்து!

காலை பதினோரு மணி வாக்கில் எங்கள் ஆபீஸில் தினமும் ஒரு காட்சி நடக்கும். பக்கத்து மேஜைப் பெண்ணின் செல்போன் 'டிங்' என்று சத்தம் போடும். டைப் செய்துகொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு போனை எடுப்பார். முகம் மலரும். "பாருங்க சார், என்ன பண்றான்னு!" என்று என்னிடம் நீட்டுவார். ஒன்றே கால் வயசுப் பையன், கலர் கலர் பந்துகளுக்கு நடுவே உட்கார்ந்து சிரிக்கிறான். கீழே ஒரு வரி: 'ஹேப்பி பாய் டுடே!' கூடவே மூன்று சிவப்பு இதயங்கள்.

வேளச்சேரிப் பக்கம் ஓர் அபார்ட்மென்டில், ஒரு அம்மாள் தன் வீட்டு ஹாலிலேயே நடத்தும் டே கேரிலிருந்து வரும் தினசரி தகவல் அது. இப்போது சென்னையில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய. தாத்தா பாட்டி ஊரில், அப்பா அம்மா வேலையில், குழந்தை பக்கத்துத் தெரு ஆன்ட்டி வீட்டில்.

2017-ல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தினார்கள். லீவை 26 வாரமாக்கினார்கள். 50 பேர், அதற்கு மேல் வேலை செய்கிற இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பார்த்து வரலாம் என்றார்கள். நல்ல சட்டம். ஆனால் சின்ன ஆபீஸ் அம்மாக்களுக்கு? அவர்களுக்கு அந்த நான்கு தடவையும் செல்போனில்தான்.

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், ஓட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். லட்சக்கணக்கான அம்மா அப்பாக்கள் தினமும் ஆவலாகப் படிக்கிற இந்த இரண்டு வரி இலக்கியத்துக்கு யாரும் விமர்சனம் எழுதியதாகத் தெரியவில்லை. நாமே எழுதிப் பார்ப்போமே!

நான் பார்த்தவரை இதில் மூன்று வகை. நோட்டுப் புத்தகம், வாட்ஸ்அப் போட்டோ, சிசிடிவி காமிரா.

காமிராவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஹால் மூலையில் ஒன்றை மாட்டி, பெற்றோருக்கு பாஸ்வேர்டு கொடுத்துவிடுகிறார்கள். நாள் முழுக்கக் குழந்தை கண் முன்னால். ஆனால் ஏன் அழுகிறது என்பது காமிராவுக்குத் தெரியாது. அம்மா பதறிப்போய் டே கேருக்கு போன் போடுவார். அந்த அம்மாள் அழுகிற குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு போனை எடுக்கப் போவார். "ஏன் குழந்தையைக் கீழ விட்டீங்க?" என்று இங்கிருந்து ஒரு கேள்வி. அவர் என்ன பதில் சொல்ல முடியும்?

அடுத்தது போட்டோ. இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும்.

நான் படித்தது பி.காம். படித்ததில் முக்கால்வாசி மறந்துவிட்டது. ஆடிட்டிங் பேப்பரில் வந்த ஒரு விஷயம் மட்டும் மறக்கவில்லை: 'விண்டோ டிரஸ்ஸிங்'. பார்க்கிறவர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்படி கணக்கை அலங்கரிப்பது. இதற்குப் பொய் எழுத வேண்டும் என்று அவசியமில்லை. எதை முன்னால் வைப்பது, எதை உள்ளே தள்ளுவது என்று தேர்ந்தெடுத்தாலே போதும். போட்டோவும் அப்படித்தான். அந்தப் பையன் சிரித்தது நிஜம். அதற்கு முந்தைய நாற்பது நிமிஷம் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது போட்டோவில் இல்லை.

2015-ல் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகளுக்கு அப்போது ஒன்றரை வயசு. இரண்டு தெரு தள்ளி ஒரு அக்கா நடத்திய டே கேரில் விட்டிருந்தோம். ஒரு நாள் மத்தியானம் போட்டோ வந்தது. கையெல்லாம் பெயின்ட் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். 'இன்னிக்கு பாப்பா சமர்த்து!' என்று கீழே வரி. நான் அதை நாலு பேருக்குக் காட்டிப் பெருமைப்பட்டேன்.

சாயங்காலம் குளிக்க வைக்கும்போது மனைவி போட்ட சத்தத்தில் நான் ஓடினேன். வலது தோளுக்குக் கீழே, அச்சடித்த மாதிரி இரண்டு வரிசைப் பல் தடம். யாரோ ஒரு குழந்தை நன்றாகவே கடித்திருக்கிறது. போட்டோவை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். காலையில் நாங்கள் அனுப்பியது கையில்லாத கவுன். போட்டோவில் இருந்தது முழுக்கைச் சட்டை. பையில் மாற்று உடுப்பாக நாங்களே வைத்தது. விண்டோ டிரஸ்ஸிங் என்ற வார்த்தைக்கு இவ்வளவு நேரடியான உதாரணம் எங்கள் புரொபசருக்குக்கூடக் கிடைத்திருக்காது.

மறுநாள் காலை சண்டை போடத்தான் போனேன். அந்த அக்கா மறுக்கவில்லை. "உடனே ஐஸ் வெச்சேன் சார். சொன்னா பயந்துடுவீங்கன்னு சொல்லல. கடிச்ச பையனோட அம்மாகிட்டயும் சொல்லல. சொன்னா ரெண்டு பேரும் நிறுத்திடுவீங்க. அப்புறம் எனக்கு வீட்டு வாடகை யார் தருவாங்க?"

நான் இன்னும் குரலை உயர்த்தினேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஒண்ணு கேக்கலாமா சார்?" என்றார். "போன வாரம் செவ்வாக்கிழமை பாப்பாவுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்துட்டுதானே விட்டுட்டுப் போனீங்க? பதினோரு மணிக்கு உடம்பு கொதிச்சுது. ரெண்டு தடவை போன் பண்ணேன். நீங்க எடுக்கல."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. உண்மைதான். அன்றைக்கு எனக்கு முக்கியமான மீட்டிங், மனைவிக்கு லீவு கிடையாது. ஏழு மணிக்கு பாராசிட்டமால் சிரப் கொடுத்து, காய்ச்சல் இறங்கியதும் முகம் கழுவி, பொட்டு வைத்து, 'டாட்டா' சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த மருந்தை ஒரு தடவை கொடுத்தால் அடுத்த தடவைக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். இது தெரியாமல் அவர் எட்டரைக்கோ ஒன்பதுக்கோ இன்னொரு மூடி ஊற்றியிருந்தால்? அந்த ஹாலில் இன்னும் ஐந்து குழந்தைகள் இருந்தார்களே, அவர்களுக்கும் ஒட்டியிருந்தால்?

முழுக்கைச் சட்டை போட்டு அவர் மறைத்தார். பொட்டு வைத்து நான் மறைத்தேன். யாரை யார் ஆடிட் செய்வது, சொல்லுங்கள்?

அக்கவுன்டன்சியில் 'கன்சர்வேடிஸம்' என்று ஒரு மரபு உண்டு. கைக்கு வராத லாபத்தை எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்தை முதலில் எழுது என்பது அதன் சாரம். குழந்தையைப் பற்றிய தினசரித் தகவலுக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. விழுந்தாளா, கடி வாங்கினாளா, சாப்பிடாமல் இருந்தாளா, இதுதான் முதலில் வர வேண்டும். சிரிப்பு, பெயின்ட் எல்லாம் அப்புறம்.

இங்கிலாந்தில் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களை 'சைல்ட்மைண்டர்' என்பார்கள். அவர்களுக்கு அரசாங்க விதிமுறை இருக்கிறது. குழந்தைக்கு அடிபட்டால், முதலுதவி செய்தால், அன்றைக்கே அல்லது முடிந்த அளவு சீக்கிரமாகப் பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும். மருந்து கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் எழுதி வைக்க வேண்டும், அதையும் அன்றைக்கே சொல்ல வேண்டும். கவனியுங்கள், உடனுக்குடன் சொல்லியே தீர வேண்டும் என்று அவர்கள் கட்டாயமாக்கியிருப்பது இந்த மாதிரிச் செய்தியை. அதே விதிமுறை இன்னொன்றும் சொல்கிறது: குழந்தையின் வளர்ச்சியைக் கணிக்கிறேன் பேர்வழி என்று குழந்தையோடு இருக்கிற நேரத்தை நீண்ட நேரம் முறிக்கக் கூடாது, அளவுக்கு மீறிக் காகித வேலையும் கூடாது.

நேரம் என்றதும் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஆறு குழந்தைகள். ஆளுக்கு நான்கு போட்டோ. அழுகிற குழந்தையைச் சிரிக்க வைத்து, "இங்க பாரு, இங்க பாரு" என்று கூப்பிட்டு, மூக்கைத் துடைத்து எடுத்து அனுப்ப இரண்டு நிமிஷம். மொத்தம் 48 நிமிஷம்! அவ்வளவு நேரமும் அந்த அம்மாளின் முகம் போனுக்குப் பின்னால்.

முகம் மறைந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். 1970-களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். அம்மா கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கிறார். திடீரென்று கொஞ்ச நேரம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சும்மா பார்க்கிறார். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது. பதில் இல்லை என்றதும் துவண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அங்கே மறைப்பு எதுவுமே இல்லை, முகம் எதிரேதான் இருந்தது. பதில்தான் இல்லை.

இதில் டே கேர் நடத்துகிறவர்களை மட்டும் குற்றம் சொன்னால் நான் யோக்கியன் இல்லை. போட்டோ கேட்பது நாம். "அந்த டே கேர்ல தினம் பத்து போட்டோ வருதாம்" என்று ஒப்பிடுவது நாம். குழந்தையை விட்டுவிட்டு வந்த குற்ற உணர்ச்சிக்கு நமக்கே ஒரு சிரப் தேவைப்படுகிறது. நாலு மணி நேரத்துக்கு ஒரு போட்டோ! வந்ததை ஸ்டேட்டஸில் வேறு போடுகிறோம். ஓரத்தில் வேறு யார் வீட்டுக் குழந்தையோ ஜட்டியோடு நிற்பதைக் கவனிப்பதில்லை. 18 வயசுக்குக் கீழே உள்ளவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023-ல் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டம் போட்டிருக்கிறார்கள். சட்டத்தை விடுங்கள், பக்கத்து வீட்டுக் குழந்தையை நாம் கேட்காமல் போட்டோ எடுப்போமா?

கடைசியாக நோட்டுப் புத்தகம். பார்க்க அழகே இல்லாதது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. ஒரு பக்கம் இப்படி இருக்கும்: '10.20 இட்லி ஒன்றரை. 12.30 பருப்பு சாதம், பாதி துப்பிட்டா. 1 மணி, தூங்கல, அழுதா. யூரின் காலையிலிருந்து ஒரே தடவை.'

அந்தக் கடைசி வரியைப் பாருங்கள். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ உள்ள குழந்தையை டாக்டரிடம் தூக்கிப் போனால் அவர் கட்டாயம் கேட்கிற கேள்வி, "யூரின் போச்சா? எத்தனை தடவை?" என்பதுதான். உடம்பில் தண்ணீர் குறைகிறதா என்று தெரிய அதுதான் சுலபமான வழி. பத்து போட்டோவில் கிடைக்காத பதில் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

நோட்டுக்கும் வியாதி உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லா நோட்டையும் ஒன்றாக வைத்து 'நன்றாக சாப்பிட்டாள், நன்றாக தூங்கினாள்' என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவது. ஒரே பேனா, ஒரே சாய்வு, அதே வார்த்தை. நாலு பக்கம் புரட்டினாலே தெரிந்துவிடும். அப்படி எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம்.

எனவே என் தீர்ப்பு: அடிபட்டால், காய்ச்சல் வந்தால் உடனே போன். மற்றதெல்லாம் நாளைக்கு ஒரு தடவை நான்கு வரி. போட்டோ வாரத்துக்கு ஒன்று போதும். கூட்டிக்கொண்டு வரும்போது வண்டியை ஆஃப் செய்துவிட்டு, வாசலில் இரண்டு நிமிஷம் நின்று பேசுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், காலையில் உங்கள் தகவலை நீங்கள் சொல்லுங்கள். ராத்திரி தூங்கினானா, என்ன சாப்பிட்டான், மருந்து கொடுத்தீர்களா, எத்தனை மணிக்கு? அவர் கெட்ட செய்தி சொல்லும்போது கத்தாதீர்கள். ஒரு தடவை கத்தினால் போதும், மறுநாளிலிருந்து முழுக்கைச் சட்டைதான்.

அன்றைய சண்டைக்குப் பிறகு நாங்கள் டே கேரை மாற்றவில்லை. ஒரு நோட்டு வாங்கினோம். இடது பக்கம் காலையில் நாங்கள் எழுதுவோம், வலது பக்கம் அவர். பற்று, வரவு மாதிரி. முதல் வாரம் அவர் கொஞ்சம் பயந்து பயந்துதான் எழுதினார். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் வலது பக்கத்தில் இப்படி இருந்தது:

'4.10க்கு வாசல் பக்கம் பாத்து அம்மா அம்மான்னு கூப்பிட்டா. அரை மணி அழுதா. தூக்கியே வெச்சிருந்தேன். போட்டோ எடுக்கல.'

படித்துவிட்டு மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் காலை இடது பக்கத்தில் மருந்து, தூக்கம் எல்லாம் எழுதிவிட்டு, கீழே 'தேங்க்ஸ் அக்கா' என்று எழுதினாள். மகள் இப்போது பெரிய பள்ளிக்கூடம் போகிறாள். அந்த நோட்டு இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. போட்டோக்களெல்லாம் இரண்டு செல்போன்களுக்கு முன்பே போய்விட்டன.