போலீஸ் ஸ்டோரி: அடி வாங்குபவன் நாயகனாக இருக்கும்வரை

ஜாக்கி சான் இயக்கி நடித்த ‘போலீஸ் ஸ்டோரி’ 1985இல் ஹாங்காங்கில் வெளிவந்தது. அதே ஆண்டில் ஓர் அமெரிக்க இயக்குநரின் இயக்கத்தில் நடித்த ‘தி புரொடெக்டர்’ அவருக்குத் திருப்தி தரவில்லை. போலீஸ் படம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டவே ‘போலீஸ் ஸ்டோரி’யை எடுத்தார். சண்டையும் சிரிப்பும் கலந்த படங்களில் இதற்கு இணையாகச் சிலவற்றைத்தான் சொல்ல முடியும். ஆனால் படம் முழுக்க அந்தத் தரம் இல்லை.

இதன் பெரிய பலம், சிரிப்பும் சண்டையும் ஒரே உடம்பிலிருந்து பிறப்பதுதான். கிராமத்துக் காவல் நிலையத்துக்குத் தூக்கியடிக்கப்பட்ட நாயகன் சான் கா குய் (ஜாக்கி சான்) தனியாக உட்கார்ந்திருக்கிறான். மேசையில் இருக்கும் தொலைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக அலறுகின்றன. ஒரு ரிசீவர் தோளில், இன்னொன்று கையில். வயர்கள் கழுத்தைச் சுற்றிச் சிக்கிக்கொள்கின்றன. இதற்கு நடுவில் பென்சில்களையே குச்சிகளாக்கி நூடுல்ஸ் சாப்பிடப் பார்க்கிறான். இங்கே ஒருவரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனாலும் கைகால்களின் கணக்கும் வேகமும் சண்டைக் காட்சிக்கு உரியவை. இறுதியில் வரும் வணிக வளாகச் சண்டையிலும் இதே கணக்குதான். அங்கே தொலைபேசிக்குப் பதில் கண்ணாடி. உடைந்த கண்ணாடியின் அளவைப் பார்த்துப் படக்குழுவினரே படத்துக்குக் ‘கண்ணாடிக் கதை’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பல மாடி உயரத்திலிருந்து அலங்கார விளக்குகள் சுற்றிய கம்பத்தில் ஜாக்கி சான் டூப் இல்லாமல் சறுக்கி இறங்குகிறார். உள்ளங்கைகள் வெந்துபோயின, முதுகிலும் இடுப்பிலும் அடி. அந்தச் சறுக்கலை அடுத்தடுத்து மூன்று முறை காட்டுகிறது படம். விளம்பரத்துக்காகச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. விழுகிறவன் நிஜமாகவே விழுகிறான் என்று நம்மை நம்ப வைக்க அது தேவைப்பட்டது.

நாயகன் அடி வாங்கும்வரை மனசு விட்டுச் சிரிக்கிறோம். நடுப்பகுதியில் அடி பெண்கள்மேல் திரும்புகிறது. மேகி சியுங் நடித்த மே என்ற காதலிக்குச் சந்தேகப்படுவதும் கோபித்துக்கொள்வதும் விழுந்து எழுவதும் தவிர வேறு வேலையே இல்லை. குற்றவாளிக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டிய செலினாவாக பிரிஜிட் லின். போலீஸ் பாதுகாப்புக்கு அவள் சம்மதிக்கவேண்டும் என்று, சக போலீஸ்காரனையே கொலைகாரன் வேஷத்தில் அனுப்பி அவளை நடுங்க வைக்கிறான் கா குய். உயிருக்குப் பயந்த ஒருத்தியின் அலறலை வேடிக்கையாக்கியதை இன்று பார்க்கக் கூசுகிறது. நாற்பது வருஷப் பழசு என்று இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. அன்றும் அது பயம்தான். திரைக்கதை அவளுக்கு ஒரு நியாயம் செய்திருக்கிறது: நாடகம் தெரிந்ததும் அவள் நழுவிவிடுகிறாள், சாட்சி இல்லாமல் வழக்கு தோற்கிறது. ஆனால் அந்தத் தோல்விக்கு அவன் செய்த ஏமாற்றுதான் காரணம் என்பதில் படம் நிற்பதே இல்லை. அடுத்த துரத்தலுக்கு ஓடிவிடுகிறது.

முடிவு இன்னும் சங்கடமானது. நீதிமன்றத்தில் ஜெயிக்க முடியாத போலீஸ்காரன் குற்றவாளியையும், கூடவே அவனுடைய வக்கீலையும் கைமுட்டியால் சாத்துகிறான். நாமும் கைதட்டுகிறோம். லாக்கப் மரணச் செய்திகளைப் படித்துப் பழகிய நாம் அந்தக் கைதட்டலைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், சிறந்த சண்டை அமைப்பு இரண்டும் இதற்குக் கிடைத்தன. இரண்டாவது விருதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. முதலாவதற்கு இன்னும் நல்ல திரைக்கதை இருந்திருக்க வேண்டும்.