அடித்தல்

ஆன் ஃப்ராங்கின் டைரியைக் காதல் கதையாகச் சிலாகிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாசலூர்பட்டியில் பஸ் வராத ஒரு மழைநாளில் அதைத் திரும்பப் படித்தேன். ஆம்ஸ்டர்டாம் ஒளிவிடத்தில் எட்டுப் பேர். பீட்டரைத் தவிர வேறு பையன் இல்லை. பாதிக் காதல் அங்கேயே வந்துவிடுகிறது. 1944 ஏப்ரலில் முதல் முத்தம். ஜூலைக் குறிப்பிலோ, தான் மனதில் வரைந்துகொண்ட பீட்டர் வேறு என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. இடையில், மே மாதம், டைரியைப் புத்தகமாக்கத் திருத்தி எழுத உட்காருகிறாள். அந்தப் பிரதியில் பீட்டர் மீதான ஏக்கத்தைப் பெரிதும் அவளே வெட்டிவிடுகிறாள். 1947 பதிப்பில் அப்பா திரும்பச் சேர்த்தார். லெட்ஜரில் ஒருவர் அடித்த பதிவை இன்னொருவர் கூட்டலில் சேர்த்தால் நாங்கள் விடமாட்டோம். (சேர்த்திராவிட்டால் வெட்டியதே எனக்குத் தெரிந்திராது, அது வேறு விஷயம்.) ஏமாற்றம் என்று இதை ஒதுக்க என்னால் முடியவில்லை. 15 வயதையொட்டி, தன் காதலையே பிரதியாக வைத்துப் பார்த்த கை அது. நம் கவிஞர்கள் பலருக்கு நாற்பதிலும் அது கூடவில்லை.