காரணம் சொல்லாத மேன்முறையீடு

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வந்து, பின்னாலேயே பாடசாலை வெட்டுப்புள்ளிகளும் வெளியானதும் கொழும்பில் ஒரு பருவம் தொடங்கிவிடும். விரும்பிய பாடசாலைக்கு இரண்டு புள்ளி போதாமல் நின்ற பிள்ளையின் வீட்டில் அன்றிரவே கேள்வி வரும்: "அப்பீல் போடுவமா, விடுவமா?" வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள தொடர்மாடியிலும் இதே கேள்விதான், கொட்டாஞ்சேனையில் சந்துக்குள் இருக்கும் இரண்டு அறை வீட்டிலும் இதே கேள்விதான். அதற்குப் பிறகு நடப்பவை மட்டும் ஒன்றல்ல.

மேன்முறையீடே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் அடுத்த எட்டு ஆண்டுகளைத் தொடும் முடிவை ஓர் அலுவலகம் எடுக்குமானால், அதை மறுபடி பார்க்கச் சொல்லும் உரிமை பெற்றோருக்கு இருந்தே ஆகவேண்டும். என் குறை வேறு. ஆம் அல்லது இல்லை என்பதற்கு மேல் எதையும் சொல்லாத ஒரு மேன்முறையீடு, ஏமாந்தவருக்கு ஆறுதலும் தருவதில்லை, தவறு செய்தவரைத் திருத்துவதும் இல்லை.

இந்தப் பரீட்சை எதற்காக வந்தது என்பதைக் கொழும்பில் நாங்கள் அநேகமாக மறந்துவிட்டோம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர கல்வி அமைச்சராக இருந்த 1940களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. நல்ல பாடசாலை எட்டாத கிராமத்துப் பிள்ளையைத் தேடி எடுத்து, விடுதியில் இருத்தி, அரச செலவில் படிப்பிப்பதே புலமைப்பரிசிலின் முதல் நோக்கம். கொழும்பில் அந்த நோக்கம் தலைகீழாகிவிட்டது. பஸ்ஸில் நாலு தரிப்பிடம் தள்ளிப் போனால் பாடசாலை இருக்கிறது. வெள்ளவத்தையில் சைவ மங்கையர் வித்தியாலயம், பம்பலப்பிட்டியில் இந்துக் கல்லூரியும் இராமநாதன் இந்து மகளிர் கல்லூரியும், கொட்டாஞ்சேனைப் பக்கம் விவேகானந்தா கல்லூரி. இல்லாத பாடசாலைக்காக இங்கே யாரும் பரீட்சை எழுதுவதில்லை. இருக்கும் பாடசாலையிலிருந்து இன்னொன்றுக்கு ஏறுவதற்கே எழுதுகிறார்கள். உதவித்தொகையும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டுந்தான். ஆகவே நகரத்து நடுத்தர வீட்டுக்கு இந்தப் பரீட்சை முழுக்க முழுக்க ஒரு பாடசாலை மாற்றம். ஏறும் அந்தப் படியில் தமிழ்மொழி மூலத்துக்கு ஒதுங்கும் இடமோ குறுகல். றோயல் கல்லூரியில் முதலாம் தரத்திலேயே சேர்ந்த பிள்ளைகள் அப்படியே மேலே வருவார்கள். ஆறாம் தரத்தில் வெளியிலிருந்து வருபவர்களுக்கு மிஞ்சுவது அதன் மேலான சில இடங்கள்.

ஆண்டுக்கு மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் எழுதுகிறார்கள். அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ 50,000 பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிறார்கள். இங்கேதான் முதற் குழப்பம். பரீட்சைத் திணைக்களம் வெளியிடுவது மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் உரிய வெட்டுப்புள்ளி. உதவித்தொகைக்கான தகுதி அதிலிருந்து தொடங்குகிறது. கல்வி அமைச்சு பின்னர் வெளியிடுவது ஒவ்வொரு பாடசாலைக்கும் உரிய வெட்டுப்புள்ளி. பலரும் விரும்பும் பாடசாலைகளில் அது எத்தனையோ புள்ளி உயரத்தில் நிற்கும். பிள்ளை "பாஸ்" என்று லட்டு கொடுத்த வீட்டில், சில வாரம் கழித்து "கிடைக்கவில்லை" என்ற செய்தி அநியாயமாகவே படும். மேன்முறையீடுகளில் ஒரு பங்கு இந்த ஏமாற்றத்தில் பிறப்பது. அதில் தவறு கண்டுபிடிக்க எதுவுமே இருக்காது.

மறுபடி பார்க்கச் சொல்வதற்கு உண்மையில் இரண்டு வாசல்கள். பெறுபேற்றுக்கு மீள்பரிசீலனை கேட்டுப் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிப்பது ஒன்று. பாடசாலை கிடைக்காததற்கு எதிராகக் கல்வி அமைச்சுக்கு மேன்முறையீடு செய்வது மற்றது. முதலாவது எனக்குப் பிடித்தது. அதன் கேள்வி சுத்தமானது: விடைத்தாளில் உள்ளது சரியாகக் கூட்டப்பட்டதா, இல்லையா? புள்ளி மாறும், அல்லது மாறாது. யாருடைய தொலைபேசி இலக்கமும் அங்கே உதவாது.

அந்தத் திணைக்களமும் தடுமாறிய ஆண்டு 2024. செப்டெம்பரில் நடந்த பரீட்சையில் முதலாம் வினாத்தாளின் சில வினாக்கள் முன்கூட்டியே கசிந்திருந்தன. பெற்றோர் வீதிக்கு வந்தார்கள், பிறகு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 டிசம்பர் 31 அன்று நீதிமன்றம் அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று தீர்ப்பளித்தது. பரீட்சையைத் திரும்ப நடத்தச் சொல்லவில்லை. பெறுபேறு 2025 ஜனவரியில்தான் வந்தது. நான் இதில் கவனித்தது, பெற்றோர் தனித்தனியே தங்கள் பிள்ளைக்கு ஓர் இடம் கேட்டுப் போகாமல், முறையே பிழைத்துவிட்டது என்று சொல்லிப் போனதை. அதனால்தான் உயர் நீதிமன்றமும் எழுத்தில் காரணம் சொல்லிப் பதில் தரவேண்டியிருந்தது. வழமையான மேன்முறையீட்டில் கிடைக்காதது அதுவே.

இரண்டாவது வாசலுக்கு வருவோம். மேன்முறையீட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதம் அளவையைப் பற்றியது. இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி, ஒரே ஒரு காலை. முதல்நாள் காய்ச்சல், பக்கத்து மேசைப் பிள்ளையின் அழுகை, ஒரு கணக்கை வாசித்ததில் விட்ட ஒரு சொல் எல்லாமே இரண்டு மூன்று புள்ளியை அசைக்கும். ஆகவே 170 எடுத்த பிள்ளையும் 168 எடுத்த பிள்ளையும் வெவ்வேறு திறமையுடையவர்கள் என்று எந்த அளவையியலாளரும் சத்தியம் செய்யமாட்டார். "இரண்டு புள்ளிதானே" என்ற தாயின் முறைப்பாடு அறிவியல்படி சரி.

ஆனால் அதே வாதத்தை இன்னும் ஓரடி நடத்திப் பாருங்கள். 168 எடுத்தவருக்கும் 170 எடுத்தவருக்கும் வேறுபாடு இல்லையென்றால், 166க்கும் 168க்கும் இல்லை. உங்கள் பிள்ளையின் அதே புள்ளியில் நிற்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் உங்கள் பிள்ளைக்கும் அறவே இல்லை. அவர்களை விட்டு உங்களுடைய பிள்ளையை எடுக்க என்ன காரணம்? வெட்டுப்புள்ளியைக் கவிழ்க்கும் வாதம் மேன்முறையீட்டையும் சேர்த்தே கவிழ்க்கிறது. "கிட்ட வந்துவிட்டோம்" என்பது மனவருத்தத்துக்குக் காரணம். விலக்குக் கேட்க அது காரணமாகாது.

அப்படியானால் எது காரணம்? விண்ணப்பத்தில் பாடசாலைக் குறியீடு தவறாகப் பதிந்திருந்தால் அது காரணம். பிள்ளையின் மொழிமூலம் மாறிப் பதிவாகியிருந்தால் அது காரணம். தகப்பன் இடமாற்றம் பெற்று, அல்லது வீடு பறிபோய், குடும்பம் இடம் மாறியிருந்தால் அது காரணம். பிள்ளைக்கு நடக்கவோ கேட்கவோ இயலாத நிலையிருந்து, வசதியுள்ள ஒரே பாடசாலை அதுவானால் அது மிகப்பெரிய காரணம். இவையெல்லாம் புள்ளி பார்க்காத விடயங்கள். புள்ளிக்கு வெளியே நடந்ததைப் பார்ப்பதுதான் மேன்முறையீட்டின் வேலை. இந்த வகையில் ஒன்று உங்களிடம் இருந்தால், தயங்காமல் போடுங்கள், சான்றோடு போடுங்கள். இதைச் செய்யாமல் "பிள்ளை சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரன்" என்று இரண்டு பக்கம் எழுதுவது வீண். மூன்று இலட்சம் பெற்றோரும் அதையே எழுதலாம்.

இங்கிலாந்தை ஒருமுறை பார்ப்பது பயன் தரும். அங்கே இன்னமும் 163 கிராமர் பாடசாலைகள் 11 வயதுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கின்றன. இடம் கிடைக்காத பெற்றோர் பாடசாலையைச் சாராத ஒரு குழுவின் முன் நேரே போய்ப் பேசலாம். குழு இரண்டு கட்டமாக யோசிக்கிறது: அனுமதி விதிகள் சரியாகப் பின்பற்றப்பட்டனவா, பிள்ளைக்கு இடம் மறுப்பதால் வரும் பாதிப்பு, பாடசாலை இன்னொரு பிள்ளையை ஏற்பதால் வரும் பாதிப்பை விடப் பெரிதா. முடிவைக் காரணத்தோடு எழுத்தில் தரவேண்டும் என்பது அங்கே விதி. அந்த முறையும் வசதியுள்ள, நாவன்மையுள்ள பெற்றோருக்கே சாய்வானது என்ற குறை அங்கே நெடுநாளாக உண்டு. ஆனால் தோற்றவர் ஏன் தோற்றார் என்பதாவது அவர் கையில் கடிதமாக இருக்கும்.

நம்மிடம்? இணையவழியில் மேன்முறையீட்டை அனுப்ப முடிகிறது என்பது பெரிய முன்னேற்றம். இதை மனம்விட்டுப் பாராட்டவேண்டும். முன்பு போல் வரிசையில் நின்று படிவம் வாங்கத் தேவையில்லை. ஆனால் அனுப்பியபின் கல்வி அமைச்சு இருக்கும் பத்தரமுல்லை இசுருபாயவுக்கு "ஒருக்காப் போய்ப் பார்த்துட்டு வாறது" நின்றுவிடவில்லை. துறைமுகத்தில் நாட்கூலிக்கு நிற்கும் கொட்டாஞ்சேனைத் தகப்பனுக்கு அந்தப் பயணம் ஒருநாள் சம்பளம். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது என்றாலும், கருமபீடத்தில் சிங்களம் சரளமாக வராதவர் பாதிக் கேள்வியோடு திரும்புவார். வெள்ளவத்தையில் வேறு கதை: பழைய மாணவர் சங்கத்தில் ஒருவர், அமைச்சில் ஒருவர், பாராளுமன்ற உறுப்பினரின் சிபாரிசுக் கடிதம். எல்லோரிடமும் இவை இருக்கின்றன என்றில்லை. ஆனால் இவை வேலை செய்யும் என்ற நம்பிக்கை எல்லோரிடமும் இருக்கிறது. பாடசாலை அனுமதிக்கு இலஞ்சம் வாங்கியதாக அதிபர்கள் கைதான செய்திகளைப் படித்து வளர்ந்த நகரம் இது. நேர்மையாக இடம் கிடைத்த பிள்ளையைக்கூட "யாரைப் பிடிச்சு எடுத்தவை?" என்றுதான் கேட்கிறோம். இந்தச் சந்தேகத்தை வளர்ப்பவர்கள் பெற்றோர் அல்லர். எந்தப் பாடசாலையில் எத்தனை வெற்றிடம், எத்தனை மேன்முறையீடு, எந்தப் புள்ளிவரை, எந்த அடிப்படையில் ஏற்கப்பட்டன என்ற நாலு வரியை, பெயர் எதுவும் இல்லாமல், அமைச்சு தன் இணையத்தளத்தில் போட்டால் பாதி சந்தேகம் அன்றே தீரும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பரீட்சையின் நேர்மைக்கு ஊறு செய்யும் தகவல்களுக்கு விலக்குத் தருகிறது. வெற்றிட எண்ணிக்கை பரீட்சை இரகசியம் ஆகாது. அதை எழுத்தில் கேட்கலாம், இன்னும் அதிகம் பேர் கேட்கவும் வேண்டும்.

சரி, மேன்முறையீடு வென்றது என்றே வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? பொஸ்ரனிலும் நியூயோர்க்கிலும் தேர்வு வைத்து எடுக்கும் புகழ்பெற்ற பாடசாலைகளை அப்துல்காதிரோக்லு, ஆங்ரிஸ்ற், பத்தக் ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தாண்டியவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டபோது, பின்னைய பரீட்சைப் புள்ளிகளில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ருமேனியாவில் பொப்-எலேச்சஸும் உர்க்கியோலாவும் 2013இல் கண்டது வேறு: மேலான பாடசாலைக்குள் சற்றே நுழைந்தவர்களின் இறுதிப் பரீட்சைப் புள்ளி உயர்ந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் தங்களை வகுப்பில் பலவீனமானவர்களாக உணர்ந்தார்கள், அவர்களின் பெற்றோர் வீட்டுப் பாடத்தில் உதவுவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரே திறமையுள்ள பிள்ளை கெட்டிக்காரர் கூட்டத்தில் இருக்கும்போது தன் கல்வித்திறனைக் குறைத்தே மதிக்கும் என்பதை ஹேர்பேட் மார்ஷ் 1980களிலேயே காட்டியிருந்தார்.

பொஸ்ரன் முடிவை அப்படியே கொழும்புக்குக் கொண்டுவர நான் துணியமாட்டேன். இங்கே ஒரு பாடசாலைக்கும் மற்றதுக்கும் இடையில் கணித ஆசிரியர் இருப்பது இல்லாதது, ஆய்வுகூடத்தில் தண்ணீர் வருவது வராதது என்ற அளவுக்கு வேறுபாடு உண்டு. ஆகவே ருமேனியா நமக்குக் கிட்ட. நன்மை இருக்கலாம், விலையும் இருக்கும். மேன்முறையீட்டில் உள்ளே போகும் பிள்ளை வகுப்பின் கடைசிப் புள்ளியோடு போகிறது, பெரும்பாலும் தவணை தொடங்கிய பிறகு, நட்புகள் அமைந்துவிட்ட வகுப்பில். கொட்டாஞ்சேனையிலிருந்து கொழும்பு 7க்குக் காலையில் வான், மாலையில் வான், பிறகு ரியூசன். விவேகானந்தாவில் முன்வரிசையில் இருந்து, விவாதத்திலும் நாடகத்திலும் பேர் எடுக்கக்கூடிய பிள்ளைதானா என்ற கேள்வியை வீட்டில் யாரும் கேட்பதில்லை. வசதியும் விவரமும் உள்ள பெற்றோர் ஆண்டுதோறும் இப்படி வெளியேறும்போது அந்தப் பாடசாலையின் பெற்றோர் கூட்டத்தில் குரல் எழுப்ப ஆள் குறைகிறது. ஆய்வுகூடத்துக்குத் தண்ணீர் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே வீட்டில் பேசவேண்டியது மூன்று விடயம் என்பேன், அதுவும் படிவத்தைத் திறப்பதற்கு முன். புள்ளிக்கு வெளியே காட்டக்கூடிய உண்மை ஏதாவது நம்மிடம் இருக்கிறதா? பாடசாலையின் பெயர் இல்லாமல், அங்கே உள்ள எது பிள்ளைக்கு இங்கே இல்லை என்று சொல்லத் தெரிகிறதா? பதில் வரும்வரை பிள்ளையை எந்த வகுப்பிலும் மனம் ஒட்டாமல் வைத்திருக்கப் போகிறோமா? முதலாவதுக்கு ஆம் என்று பதில் வந்து, மறுப்பு விதிமீறல் என்றும் தோன்றினால், காலத்தைக் கவனியுங்கள்: அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றில் தாக்கல் செய்யவேண்டும். அமைச்சின் பதிலுக்காகக் காத்திருந்தே அந்த மாதத்தைத் தொலைக்க நேரிடலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அதே மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

முதலாவதுக்கு இல்லை என்றால், இன்னொரு வாசல் ஐந்தாறு ஆண்டில் திறக்கிறது. சாதாரண தரப் பெறுபேற்றோடு உயர்தர வகுப்புக்கு வேறு பாடசாலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது எந்தத் துறை, எந்த ஆசிரியர், எந்தப் பாடசாலை என்பதைப் பதினாறு வயதில் பிள்ளையே சொல்லும்.