பலகையின் நிறமும் வரிசையின் வாலும்

அமெரிக்காவில் ஒரு பர்கர் கடையோ காபிக் கடையோ டிரைவ்-த்ரூ ஜன்னலோடு வரணும்னா, பெரும்பாலும் அந்த ஊர்த் திட்டக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும். கடைத் தரப்பில் ஒரு வக்கீல், ஒரு சிவில் இன்ஜினியர், ஒரு போக்குவரத்து இன்ஜினியர் வருவார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளூர்வாசிகள். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் பெரும்பாலும் சம்பளம் இல்லாமல் வந்து உட்காருகிறவர்கள். இந்தக் கூட்டங்களின் குறிப்புகளும் வீடியோக்களும் பெரும்பாலும் பொதுவில் கிடைக்கும். அவற்றைப் படிப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கமாகவே ஆகிவிட்டது.

படிக்கப் படிக்க ஒரே கதை திரும்பத் திரும்ப வருது. கடையின் பெயர்ப்பலகை எத்தனை அடி, சிவப்பு ரொம்பத் தூக்கலா இருக்கா, ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கணும் என்று நீண்ட விவாதம். போக்குவரத்து அறிக்கை வந்ததும் ஒன்றிரண்டு கேள்வி. இன்ஜினியர் ஒரு எண்ணைச் சொல்கிறார், 'நன்றி', அடுத்த விஷயம்.

மென்பொருள் துறையில் இதற்கு பைக்‌ஷெட்டிங் என்று பெயர். பார்க்கின்சன் 1957 புத்தகத்தில் சொன்ன உதாரணம்தான்: அணு உலைக்கு நிமிடங்களில் ஒப்புதல் தரும் குழு, சைக்கிள் கொட்டகையைப் பற்றி முக்கால் மணி நேரம் சண்டை போடும். காரணம், கொட்டகை எல்லாருக்கும் புரியும். ஆனா இத்தோடு விட்டுவிட்டால் விமர்சனம் பாதிதான். என் புகார் வேறு. குழு எளிதில் நம்பிவிடும் எண் அவ்வளவு நம்பத் தகுந்தது இல்லை. குழு அழகுக்காகச் சண்டை போடும் பலகையோ உண்மையிலேயே சாலைப் பாதுகாப்புச் சமாச்சாரம்.

முதலில் எண். ஒரு கடைக்கு எத்தனை வண்டிகள் வரும் என்று கணிக்க, போக்குவரத்துப் பொறியாளர் சங்கமான ஐ.டி.இ. வெளியிடும் கையேட்டைத்தான் எல்லாரும் எடுப்பார்கள். பேராசிரியர் டொனால்ட் ஷூப் இதைப் பிரித்து மேய்ந்திருக்கிறார். 1987 பதிப்பில், டிரைவ்-த்ரூ உள்ள துரித உணவகத்துக்கு 1,000 சதுர அடிக்கு ஒரு நாளைக்கு 632.125 வாகனப் பயணங்கள் என்று இருந்தது. மூன்று தசம இடம்! பின்னால் இருந்தது வெறும் 8 ஆய்வுகள். கடையின் பரப்பளவுக்கும் பயணங்களுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஆர்-ஸ்கொயர் 0.069. அதாவது கடைக்குக் கடை காணும் வித்தியாசத்தில் சுமார் 7 சதவீதத்தைத்தான் பரப்பளவு விளக்குகிறது. மீதி 93 சதவீதத்துக்கு என்ன காரணம் என்று பரப்பளவைப் பார்த்துச் சொல்ல முடியாது. பின்வந்த பதிப்புகளில் எண்களும் மாறின, எச்சரிக்கைகளும் சேர்ந்தன. ஆனாலும் மேடையில் சொல்லும்போது சராசரிதான் ஒலிக்கிறது. அது எவ்வளவு தூரம் விலகலாம் என்பது பின்னிணைப்பில் தூங்குகிறது.

சராசரியே சரின்னு வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. சர்வர் கட்டி மேய்த்தவர்களுக்கு இது தெரியும். ஜன்னலில் ஒரு காருக்கு 90 விநாடி ஆகுதுன்னா, மணிக்கு 40 கார் போகலாம். மணிக்கு 32 கார் வந்தால், வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய சூத்திரப்படி ஜன்னலில் நிற்பதையும் சேர்த்துச் சராசரியாக 4 கார். 36 வந்தால் 9. 38 வந்தால் 19. மணிக்கு வெறும் 6 கார் கூடியதில் வரிசை 4-லிருந்து 19 ஆகிவிட்டது. காருக்கு 20 அடின்னா, 80 அடி வால் 380 அடி வால் ஆகிறது.

நிஜக் கடை இந்தச் சூத்திரத்தை அப்படியே பின்பற்றாது. ஆர்டர் ஓரிடம், பணம் ஓரிடம். வரிசையைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்களும் உண்டு. ஆனால் வளைவின் வடிவம் அதேதான்: கொள்ளளவை நெருங்கும்போது சின்னத் தவறு பெரிய வாலாக வளரும். பல ஊர்ச் சட்டங்களில் 'இத்தனை கார் நிற்க இடம் வேண்டும்' என்று ஒரு நிலையான எண் இருக்கிறது. அந்த எண்ணுக்கு இந்த வளைவு தெரியாது.

வால் நீண்டால் என்ன ஆகும் என்பதற்கு கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா நல்ல உதாரணம். அங்கே ஸ்டேட் தெருவில் 2013-ல் திறந்த சிக்-ஃபில்-ஏ கடையின் வரிசை தெருவுக்கே வந்து ஒரு தடத்தை மறித்தது. 2022-ல் நகர மன்றம் அதைப் பொதுத் தொல்லை என்று அறிவிக்கலாமா என்று விவாதிக்கும் அளவுக்குப் போனது. அனுமதி கொடுத்து, கட்டி, கூட்டம் பழகின பிறகு வரிசையை உள்ளே தள்ளுவது எவ்வளவு பாடு! இடம் காகிதத்தில் இருக்கும்போது கேட்டிருந்தால் அது ஒரு கோடு மாற்றும் வேலை.

இப்போ பலகைக்கு வருவோம். அமெரிக்க மத்திய அரசின் சாலைக் குறியீட்டுக் கையேடு (2009) ஒரு கணக்கு தருகிறது: எழுத்தின் உயரம் 1 அங்குலம் என்றால் 30 அடியிலிருந்து படிக்கலாம். இது சாலைப் பலகைகளுக்கான கணக்கு, கடைப்பலகைக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தும்னு சொல்ல மாட்டேன். ஆனா படிக்கிற கண் ஒன்றுதானே. 40 மைல் வேகத்தில் கார் விநாடிக்குச் சுமார் 59 அடி போகும். 12 அங்குல எழுத்து 360 அடியில் தெரியும். ஓட்டுநருக்குச் சுமார் 6 விநாடி கிடைக்கும். குழு 'சமரசமாக' எழுத்தை 6 அங்குலம் ஆக்கினால், 3 விநாடி. அந்த வேகத்தில் பார்த்து நிறுத்த 305 அடி தேவை என்பது வழக்கமான வடிவமைப்பு அளவு. 180 அடியில் 'நுழைவு' என்று படிப்பவர் நிதானமாகத் திரும்ப மாட்டார், சடாரென்று பிரேக் போடுவார். பின்னால் வருபவர் கதி?

பெரிய பலகைதான் பாதுகாப்பு என்று சொல்ல வரவில்லை. மினுங்கும் டிஜிட்டல் பலகை கண்ணைப் பிடித்து இழுக்கும். பெரிய பிராண்டுகளைத் தூரத்திலேயே வடிவத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். எனவே கூரை மேல் உள்ள பெயரைச் சுருக்குங்கள், தாராளமாக. வாசலைக் காட்டும் பலகையைச் சுருக்காதீர்கள். இரண்டையும் ஒரே சதுர அடிக் கணக்கில் போட்டால், கடைக்காரர் எதைத் தியாகம் செய்வார் என்று சொல்லவா வேண்டும்?

இதில் சட்டமும் குறுக்கே வருகிறது. 2015-ல் ரீட் எதிர் கில்பர்ட் வழக்கு. அரிசோனாவின் கில்பர்ட் ஊர், அரசியல் பலகைக்கு ஓர் அளவு, தேவாலய வழிபாட்டுக்கு வழி காட்டும் பலகைக்கு அதைவிடச் சின்ன அளவு என்று வைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அது செல்லாது என்றது. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து விதி போட்டால் மிகக் கடுமையான சோதனையைத் தாண்ட வேண்டும். அதனால் 'வழிகாட்டும் பலகைக்கு மட்டும் சலுகை' என்று எழுதுவதற்கே இப்போது ஊர் வக்கீல்கள் யோசிக்கிறார்கள். ஆனால் அளவு, விளக்கு, அசைவு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. வாசலிலிருந்து இத்தனை அடிக்குள் நிற்கும் பலகைக்குத் தனி அளவு என்று இடத்தை வைத்து எழுதலாம். வாசகத்தைத் தொடாமலே வேலை முடியும்.

மினியாபொலிஸ் மாதிரி மொத்தமாகவே மறுப்பதும் ஒரு வழி. 2019 முதல் அங்கே புது டிரைவ்-த்ரூ கிடையாது. நடப்பவர்களுக்கு அது நல்லது. ஆனால் தடை ஏற்கெனவே இருக்கும் கடைகளைத் தொடாது. பின் சீட்டில் தூங்கும் குழந்தையோடு வருபவருக்கும், இறங்கி நடக்க முடியாதவருக்கும் அந்த ஜன்னல் உண்மையான வசதி. அதையும் கணக்கில் எடுக்கணும்.

குழு உறுப்பினர்களைக் கிண்டல் செய்வது சுலபம். நான் செய்யத் தயாரில்லை. 'பீக்ல எவ்வளவு லோடு வரும்?' என்று கேட்டு, ஒரு சராசரியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்ட கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். என் தப்புக்கு சர்வர்தான் படுத்தது. இங்கே தப்பு நடந்தால், நடைபாதையை மறித்து நிற்கும் இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு பள்ளிப் பையன் புகுந்து போவான். அடுத்த தடத்தில் வருகிற வண்டிக்கு அவன் தெரிய மாட்டான்.

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். உங்கள் ஊர்க் கூட்டத்தில் பேச மூன்று நிமிடம் கிடைத்தால், சிவப்பு நிறத்தை விட்டுவிடுங்கள். இன்ஜினியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'உங்கள் கணிப்பு 20 சதவீதம் தவறினால், கடைசி கார் எங்கே நிற்கும்? வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள்.'